சார்கியின் வாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் இருமலில் பிறந்தது.

எங்கள் ஊரான பிர்னின் தாவாவின் சந்தையில் தேலுவிடம் ஃபுரா குடிக்கப் போயிருந்தேன். கம்பு உருண்டையைத் தயிரில் கரைத்துக்கொண்டே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நேத்து சபையில சார்கி இருமினாரு வாத்தியாரே. எம் புருஷன், 'சார்கி சரின்னு சொல்றாரு'ன்னு கத்திட்டாரு. அவ்வளவுதான், ஒருத்தி கல்யாணத்துக்குத் தேதி முடிவாயிடுச்சு."

"யாரும் திருத்தலையா?"

"எப்படித் திருத்துறது? அதையும் எம் புருஷன்தானே சொல்லணும்!"

தேலுவின் புருஷன் யேரோ, சார்கி என்று நாங்கள் அழைக்கும் எங்கள் அரசரின் வாய். அதுதான் அவன் உத்தியோகம். சார்கி சபையில் குரலெடுத்துப் பேசுவதில்லை. தலைப்பாகைத் துணி வாயை மூடியிருக்கும். அதற்குள்ளிருந்து யேரோவின் காதில் முணுமுணுப்பார். யேரோ ஊருக்கு உரக்கச் சொல்வான். சொன்னது சொன்னதுதான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃபுராவைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இருமல்கூடச் சம்மதமாகிற ஊரில், ஒருவன் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால்?

2

முதல் தொடக்கம்: "கோட்டை மண்சுவரின் மேல் சூரியன் உதித்தபோது—"

வேண்டாம். சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது.

இரண்டாவது: "முப்பது வருடங்களில் யேரோ ஒரு சொல்லைக்கூட மாற்றி—"

பொய். இருமலை மறந்துவிட்டேன்.

மூன்றாவது நிற்கிறது. அப்படியே தருகிறேன்:

அன்று காலை யேரோ தலைப்பாகையை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினான். மாட்டுப்பாதையை மூடிக் கடைகள் கட்டச் சம்மதம் கேட்டு உள்ளாட்சி சேர்மன் கிரேமா வருகிறார். சட்டப்படி நிலம் சேர்மன் கையில்தான். ஆனால் சார்கியின் சொல் இல்லாமல் இந்த ஊரில் ஒரு கொத்தனும் கல்லெடுக்க மாட்டான். யேரோவின் அண்ணன் மாடுகள் ஆற்றுக்குப் போக வேறு வழி கிடையாது. பாதை போனால் மாடு பயிரில் இறங்கும். மாடு பயிரில் இறங்கினால் அரிவாள் எழும். அண்ணன் முன்கோபக்காரன், முதல் வெட்டு அவன் மேல்தான் விழும். யேரோவுக்கு அது நன்றாகத் தெரியும்.

3

சேர்மனை வில்லனாக்கத்தான் எனக்கு ஆசை. மனுஷன் ஒத்துழைக்க மறுக்கிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், சார்கியை முறையாகப் பணிந்தார், யேரோவைப் பார்த்ததும் வம்புக்கு வந்துவிட்டார்.

"என்னடா என் அடிமையே! மோரு குடிச்சுக் குடிச்சு நாக்கு புளிச்சுப் போச்சா?"

"நீதாண்டா என் அடிமை. சேர்மன் ஆயிட்டேன்னு இங்க வந்து நின்னுட்டா, என் கன்னுக்குட்டிய யாரு பிடிச்சுக் கட்டுறது?"

சபை குலுங்கிச் சிரித்தது.*

(* யேரோ புலானி இனம், கிரேமா கானூரி இனம். இரண்டு சனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை உண்டு. கேலிக்குக் கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். இந்தக் குறிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்குவேன்.)

பிறகு கிரேமா குரலைத் தாழ்த்தினார். "நாப்பது கடை, சார்கி. நாப்பது குடும்பம் பொழைக்கும். மாடு கொஞ்சம் சுத்திப் போகட்டுமே."

அதிலும் நியாயம் இருக்கிறது. இதுதான் எனக்குப் பிடிக்காத இடம்.

4

வந்துவிட்டது! நான் வீட்டுக்கு ஓடி வந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டு அரியணையை இழந்த அரசர்களைச் சார்கிக்குத் தெரியும். அவர் குனிந்தார். யேரோவின் காதில் ஒரே சொல்தான் சொன்னார்: "கட்டிக்கட்டும்."

யேரோ நிமிர்ந்தான்.

"சார்கி சொல்றாரு! பாதை மாட்டுக்குத்தான்! ஒரு கல்லு விழக்கூடாது!"

சிவப்பும் பச்சையும் உடுத்த காவலர்கள் முஷ்டியை உயர்த்தி, "ஆயுசு நீளட்டும்!" என்று முழங்கினார்கள். கிரேமாவின் முகம் தொங்கிப்போனது. பின்வரிசையில் அண்ணன் குழந்தையைப்போல அழுதான். துணிக்கு மேலே தெரிந்த சார்கியின் கண்கள் யேரோவை விட்டு நகரவில்லை.

இப்போது அவர் என்ன செய்வார்? தானே வாய் திறந்தால், எந்தச் சார்கியும் செய்யாததைச் செய்தவராவார். இல்லையென்றால் யேரோவின் வாயாலேயே, "நான் பொய் சொன்னேன்" என்று சொல்லவைக்க வேண்டும். சொன்ன மறுகணம் அவன் உத்தியோகத் தலைப்பாகை இறங்கும்.

5

முடிவு ஒன்று: சொல்கிறான். தலைப்பாகை போகிறது, பாதையும் போகிறது. எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகு தேலுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

முடிவு இரண்டு: கிரேமா வாய்விட்டுச் சிரிக்கிறார். "பாத்தீங்களா, என் அடிமை என்னைக் கேலி பண்றான்!" (அந்தக் குறிப்பை இங்கே கொடுங்கள்.) ஆஹா, யேரோ தப்பித்தான்! ஆனால் சொன்னது கேலி என்றாகிவிட்டால் பாதையும் கேலியாகிவிடுகிறதே.

முடிவு மூன்று: சார்கி மனம் மாறுகிறார், ஏனென்றால்—

ஏனென்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

6

நேற்று இவ்வளவையும் ஃபுராக் கடையில் படித்துக் காட்டினேன். தேலுவுக்குப் பக்கத்தில் யேரோவே உட்கார்ந்து கேட்டான். அவன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லவா வாத்தியாரே? சில நாள் சார்கி குனிவாரு, ஆனா ஒண்ணும் சொல்லமாட்டாரு. மூச்சு மட்டும் காதுல படும்."

"அப்ப என்ன செய்வே?"

"எதையாவது சொல்லித்தானே ஆகணும்? சபை காத்துக் கிடக்குதே."

"அவருக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சுதானே குனியறாரு."

துள்ளிக் குதித்தேன். ஃபுராக் கலயம் கவிழ்ந்தது. இதுதான்! இதேதான்!

சார்கி மறுபடியும் குனிகிறார். துணி அசையவில்லை. மூச்சு மட்டும் படுகிறது. யேரோ இனி சொல்லப்போவது அவனுடைய சொல், சார்கியே தெரிந்து அவனிடம் விட்ட சொல்.

"அப்புறம்?" தேலு அகப்பையை ஓங்கினாள். "முடிக்காமப் போனா இனிமே ஃபுரா கிடையாது, ஆமா!"

போனால் போகட்டும். வாசகரே, இவ்வளவு நேரம் நான் முணுமுணுத்தேன், உங்கள் குரலில் நீங்கள் படித்தீர்கள். கிரேமா கைவிசிறியை வீசுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கடைக்குக் காத்திருக்கும் நாற்பது பேரும் உங்களையே பார்க்கிறார்கள். நான் உங்கள் காதருகே குனிகிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

வாயைத் திறங்கள்.

"சார்கி சொல்றாரு—