நாற்பத்தைந்து நாள் பொறுக்காத தேசபக்தர்

எங்கள் டெல்ரோசாவில் முன்னாள் ராணுவத்தினரைப் பிடிக்காதவர் என்று ஒருத்தரைக்கூடக் காட்ட முடியாது. நவம்பர் பதினொன்றாம் தேதி, முன்னாள் ராணுவத்தினர் தினத்தன்று, ஊர்வலம் வந்தால் பாதாம் தோட்டங்களில் வேலை நின்றுபோகும். அன்றைக்கு அவர்களுக்கு எந்த ஓட்டலிலும் முட்டையும் காபியும் இலவசம். மறுநாள் காலை அதே காபிக்கு அதே ஆள் காசு எடுத்து வைக்க வேண்டும், அது வேறு விஷயம். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் நான், டார்லீன் வாஸ். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள ஊர்வலத்தில் பார்க்கக் கூடாது, வீடு விற்கும்போது பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வருடத் தேர்தலில் கலிபோர்னியா மாநிலம் வாக்காளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அரசு கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, முன்னாள் ராணுவத்தினருக்கு வீட்டுக் கடன் கொடுக்கலாமா? வாங்கியவர்கள் தவணையில் திருப்பிக் கட்டிவிடுவார்கள். பழைய பத்திரப் பணம் தீர்ந்து, விண்ணப்பங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன.

எங்கள் ஊரில் ‘ஆம்’ குழுவுக்குத் தலைவர் ஹார்லன் ஸ்டக்கி. காப்பீடு விற்பவர். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, ஆனால் ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடப்பார். சட்டையில் குத்திய கொடிச் சின்னத்தைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். ‘வீரர்களுக்கு வீடு, ஆம் என்று போடு’ என்ற பலகையை எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் புல்வெளியிலும் அவரே நட்டார். என் வீட்டிலும் ஒன்று. சும்மா சொல்லக் கூடாது, நானும் பெருமையாகத்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

பலகை இல்லாத ஒரே வீடு வர்ஜில் ஆமோட்டுடையது. எழுபத்தெட்டு வயது, பாசன வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாநிலம் அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பும் வாக்காளர் புத்தகத்தில், ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரவு வாதம் ஒரு பக்கம், எதிர்வாதம் ஒரு பக்கம் இருக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கு எதிராக எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தப் பக்கம் வெறுமையாகப் போகக் கூடாது என்று இந்த மனிதர் ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்புவார். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் பொதுமக்கள் தலையில்தானே விழும் என்பது அவருடைய முதல் காரணம். இத்தனை பேரில் சிலருக்குத்தான் கிடைக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவதைப் படித்துத்தான் ஊரே கொதித்தது: ‘ஆம் என்று ஒரு கோடு போட்டதும், தன் பங்கைச் செய்துவிட்டதாக நினைத்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.’

“அந்தக் கிழம் மனுஷனா?” என்றார் ஹார்லன், முடிதிருத்தும் கடையில், எல்லார் காதிலும் விழும்படி. பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தது வர்ஜில்தான்.

“மனுஷன்தான்டா. உன்ன மாதிரி பலகை இல்ல” என்றார் நுரைக்குள்ளிருந்து.

‘ஆம்’ அமோகமாக ஜெயித்தது. ஹார்லன் கேக் வெட்டினார்.

பிப்ரவரியில் கோரின் தஃபோயா என் அலுவலகத்துக்கு வந்தாள். குவைத் பாலைவனத்தில் ராணுவ எரிபொருள் லாரி ஓட்டியவள், இப்போது பால் தொழிற்சாலையில் வேலை. ஏழு வயதில் இனெஸ் என்று ஒரு மகள். அந்தப் பத்திரப் பணத்தில் அவளுக்குக் கடன் ஒதுக்கி மாநிலம் கடிதம் அனுப்பியிருந்தது. குடியிருந்த வாடகை வீட்டை ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் யாராவது விற்க ஒப்புக்கொண்டால், கடன் வேலைகள் முடியும்வரை தோழி வீட்டுக் கூடத்தில் படுத்துச் சமாளிக்கலாம். யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் சேக்ரமென்டோவில் அக்கா வீடுதான். இங்கே வேலையும் போய்விடும்.

“இது ஒன்பதாவது வீடு, மேடம். எல்லாரும் முதல்ல ‘நாட்டுக்கு நீங்க செஞ்ச சேவைக்கு நன்றி’ங்கறாங்க. கடன் பேரச் சொன்னதும் ‘பாக்கலாம்’னு சொல்லிட்டுப் போனை வச்சிடறாங்க.”

காரணம் எனக்குத் தெரியும். இந்தக் கடனில் மாநிலமே வீட்டை வாங்கி, தவணை முடிகிறவரை தன் பேரில் வைத்திருக்கும். அதனால் ஆய்வாளர் வந்து கூரை, சுடுநீர்த் தொட்டி, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாவற்றையும் பார்த்து எழுதுவார். நாற்பத்தைந்து நாள் ஆகும். ரொக்கக்காரன் பத்து நாளில் முடிப்பான்.

மார்ச்சில் ஹார்லன் தன் வீட்டை விற்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஐடஹோ மாநிலத்தில் ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்துவிட்டாராம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. கோரினுக்கு வீடு கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன். அவளும் கேட்ட விலைக்கே எழுதிக் கொடுத்தாள். வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி அதைவிடக் குறைவாகத்தான் கேட்டது, ஆனால் ரொக்கம்.

“விளம்பரத்துல ஒரு வரி சேத்துடு டார்லீன். ரொக்கம், இல்லன்னா சாதாரண வங்கிக் கடன் மட்டும்” என்றார் ஹார்லன்.

“ஹார்லன், இது நீங்க ஜெயிக்க வச்ச கடன்.”

“ஆமா, அருமையான திட்டம். உயிரக் கொடுத்து உழைச்சேன்ல? ஆனா நாற்பத்தஞ்சு நாள் யாரு காத்திருக்கறது? ஏரிக்கரை வீடு கைநழுவிடும்.”

“அவ மூணு வருஷமா வரிசையில காத்திருந்தா.”

“அதான் சொல்றேன், அவங்களுக்கெல்லாம் பழக்கம் இருக்கு. நமக்கு இல்ல.”

இதைச் சிரிக்காமல் சொன்னார். அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான். முதல் முறையும் இல்லை. ‘ஆம்’ பலகை நட்ட இன்னும் நான்கு வீடுகளுக்கு அதே வரியை அதே விரல்களால் அடித்திருக்கிறேன். தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் பாதியில் வர்ஜில் கூப்பிட்டார். படியேற முட்டி ஒத்துழைக்கவில்லையாம், முதியோர் குடியிருப்பில் இடம் கிடைத்துவிட்டதாம். “என் வீட்டுக்கு விளம்பரம் வேண்டாம். அந்த லாரிக்காரப் பொண்ணு இன்னும் ஊர்லதான இருக்கா?”

“இருக்கா. ஆனா வர்ஜில், அவ எந்தக் கடன்ல வாங்குவான்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்க எதிர்த்து எழுதினது.”

“எழுதினேன். மறுபடி கேட்டா மறுபடியும் எழுதுவேன். ஆனா தோத்துட்டேன் பாரு. தோத்தவன் தீர்ப்புக்குக் கட்டுப்படணும். ஜெயிச்சவனுங்களுக்கு மட்டும் விலக்கா?”

 அன்று மாலையே கோரினைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஆய்வாளர் வந்தார். பின்படிக்குக் கைப்பிடி இல்லை, சுடுநீர்த் தொட்டி நிலநடுக்கத்தில் சாயாமல் பிடிக்கும் பட்டை இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினார். “சர்க்காரு என் படிக்கட்ட அளக்குது, இதுக்குத்தான் வேண்டாம்னு எழுதினேன்” என்று திட்டிக்கொண்டே வர்ஜில் மரம் அறுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள கோரின், ஆணி எடுத்துக் கொடுக்க நான்.

“என் மாதிரி ஆளுங்களுக்கு எதிராத்தான எழுதினீங்க?” என்று கேட்டாள் கோரின்.

“உனக்கு எதிரா எங்கம்மா எழுதினேன்? மூணாவது காரணத்தப் படி.”

“படிச்சேன் சார். சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

நாற்பத்தைந்து என்றது ஐம்பத்திரண்டு நாளானது. அதுவரை தாயும் மகளும் தோழி வீட்டுக் கூடத்தில் படுத்தார்கள். ஜூன் கடைசியில் குடியேறினார்கள். ஹார்லனின் வீட்டை வாங்கிய கம்பெனிக்காரர்கள் அவருடைய கொட்டகையில் நாற்பது ‘ஆம்’ பலகைகளைக் கண்டுபிடித்துக் குப்பையில் போட, கோரின் அள்ளி வந்து தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தாள். பலகைகளுக்கு வந்த முதல் உருப்படியான வேலை அது.

ஆகஸ்டில் ஐடஹோவிலிருந்து ஹார்லன் போன் செய்தார். குரலில் பழைய கேக் இனிப்பு அப்படியே இருந்தது.

“டார்லீன், குழுப் பத்திரிகைக்கு ஒரு படம் வேணும். நம்ம வெற்றியோட முகமே அந்தப் பொண்ணுதான். நானும் அவளும் வீட்டு வாசல்ல. சனிக்கிழமை வரேன், சரியா?”

கேட்டுச் சொல்கிறேன் என்று நடந்தே போனேன். கோரின் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“நாட்டுக்கு அவர் செஞ்ச சேவைக்கு நன்றின்னு சொல்லுங்க மேடம். படம் எடுக்க நாற்பத்தஞ்சு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி ஆய்வாளர் வந்து அவர ஒரு தடவை பாக்கணும்.”

திரும்பி வந்து ஹார்லனுக்குப் போன் போட்டு, வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னேன்.

“இப்ப எல்லாம் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதே” என்றார் ஹார்லன்.

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.