நன்றாக வந்த வெட்டு

மகாபே தொஷிமிச்சி வாளை உருவுவதை யாரும் பார்த்ததில்லை, உருவி முடித்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று கினு ஆற்றங்கரை ஊர்களில் சொல்வார்கள். அதில் மிகை ஒன்றும் கிடையாது. பேஸ்பால் மெஷின் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் துப்பும் பந்து அவர் முன்னால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் புல்லில் உருளும். பொம்மைத் துப்பாக்கியில் சுட்ட பயறளவு குண்டையும் பிளந்திருக்கிறார். உப்பில் ஊறிய பிளம் பழத்தை ஒரு டிவி நிகழ்ச்சியில் தூக்கியெறிந்தார்கள். கொட்டையோடு பிளந்து விழுந்தது.

ஒருமுறை டோக்கியோவிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். அவர் உடம்பெங்கும் ஒயர்களை ஒட்டி, மூன்று நாள் படமெடுத்தார்கள். கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அதற்கு முன்பே இவருடைய கை பாதி வழி போய்விடுகிறது என்று அறிக்கை எழுதினார்கள். "இவர் கை இவரிடம் அனுமதி கேட்பதில்லை" என்று அவர்களில் ஒருவர் சிரித்தபடி சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அந்த மெஷினில் பந்து போடுகிறவர் ஹினுமா கிஹாச்சி. சுவர் பூசுகிறவர். தொஷிமிச்சியும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது இருவருக்கும் ஐம்பத்து நான்கு வயது. தொஷிமிச்சிக்கு நாற்பது சீடர்கள் இருந்தும், பந்து போட வேறு யாரையும் விடமாட்டார். வெள்ளரிக்காயை வயிற்றின் மேல் வைத்து வெட்டும் வித்தைக்கும் மல்லாந்து படுப்பவர் கிஹாச்சிதான். காய் இரண்டாகும், தோலில் ஈரம் மட்டும் படும். அதில் அவருக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. "உன் வாளவிட என் பொண்டாட்டி வாய்தான்டா கூர்மை" என்று படுத்தபடியே சொல்வார். கூட்டம் சிரிக்கும்.

கிஹாச்சியின் கையும் லேசுப்பட்டதல்ல. கோயில் சுவர், தேநீர் அறைச் சுவர் என்றால் மூன்று மாவட்டத்துக்கும் அவர்தான். அவர் சுண்ணாம்புச் சாந்தை இழுத்து மெழுகிய சுவரில் முகம் தெரியும். கடைசிப் பூச்சுக்குக் கரணையை எடுத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

அக்டோபர் மாதம் ஊர்க் கோயில் திருவிழா. பிற்பகல் மூன்று மணி இருக்கும். வழக்கம்போல் வாள் காட்சிக்குக் கூட்டம் கயிற்றுக்கு வெளியே நெருக்கியடித்து நின்றது. இரண்டு பந்து ஆயிற்று. மூன்றாவது பந்துக்கு முன்னால் தூறல் விழுந்தது.

வாளில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் மறுநாளே துருப் புள்ளி விழும். தொஷிமிச்சி அதற்காக எவ்வளவு மனம் நொந்துகொள்வார் என்று கிஹாச்சிக்குத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் குடையை எடுத்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிப் பின்பக்கமாக ஓடினார். தொஷிமிச்சி உறையில் கை வைத்தபடி மெஷினைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மூன்றடி தூரத்தில் வந்து, தலைக்கு மேல் பிடிப்பதற்காகக் குடையின் பொத்தானை அழுத்தினார் கிஹாச்சி. பட்டென்று விரிந்தது.

அடுத்த கணம் குடை இரண்டாக இருந்தது. கம்பியும் பிளாஸ்டிக்கும் கத்தரித்ததுபோல் பிரிந்து கீழே விழுந்தன. கூட்டம் கைதட்டியது. இதுவும் வித்தையில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். கிஹாச்சியும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தார். வலியே இல்லை. வலது கை மட்டும் ஏனோ லேசாக இருந்தது. குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஈரப் புல்லில், குடைப்பிடிக்குப் பக்கத்தில் கிடந்தன.

கைதட்டல் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓயவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வீறிட்ட பிறகுதான் நின்றது.

ஆஸ்பத்திரியில் விரல்களை மறுபடி ஒட்டவைக்க எட்டு மணி நேரம் ஆபரேஷன். வெளியே வந்த டாக்டர் கிஹாச்சியின் மனைவி ஃபுசாயேயிடம் சொன்னார். "பட்டறை மெஷின்ல மாட்டினவங்களுக்கு எல்லாம் நசுங்கி வரும்மா. இது கண்ணாடி மாதிரி இருக்கு. இப்படி ஒரு வெட்டு நான் பாத்ததே இல்ல. உங்க வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி."

"அதிர்ஷ்டமா?" என்றாள் ஃபுசாயே.

ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் கறுத்தன. எடுத்துவிட்டார்கள். நடுவிரல் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மடங்கவில்லை; குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றது.

அதற்குள் வீடியோ நாடெங்கும் போய்விட்டது. யாரென்று பார்ப்பதற்குள் வெட்டிவிட்டார் பார், தெய்வக் கை என்று எழுதினார்கள். வாள் பிடித்தவன் பின்னால் குடையை விரித்தவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்றும் எழுதினார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர் முலாம்பழத்தோடு வந்து, சுற்றிவளைத்து அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வந்தபோது கிஹாச்சியே, "தப்பு என் மேலதாங்க. சொல்லாம கொள்ளாம பின்னால போனேன்" என்றார். பேராசிரியர்களின் அறிக்கையும் இருந்தது. கை அசைந்ததை மனம் தடுத்திருக்க முடியாது என்று ஒருவர் வந்து சாட்சியும் சொன்னார். வழக்கு இல்லை என்று முடிந்தது.

தொஷிமிச்சி மூன்றாம் நாள் வந்திருந்தார். கதவைத் தாண்டியதும் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடா தொஷி. நர்ஸுங்க எல்லாம் பாக்குறாங்க."

கிஹாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"நீ என்ன, பாத்தா செஞ்ச? பின்னால யாருன்னு உனக்கெப்படித் தெரியும்? எந்திரி."

தொஷிமிச்சியின் முதுகு ஒருமுறை குலுங்கியது. எழுந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டார். "மன்னிப்புக்கூட வாய்விட்டுக் கேக்கமாட்டாரா துரை!" என்று ஃபுசாயே கொதித்தாள். கிஹாச்சிக்கு உறுத்தியது வேறு. 'நீ பார்க்கவில்லை' என்று சொன்னபோது அந்த முதுகு ஏன் குலுங்கியது?

வீடு திரும்பினார். இடக்கையில் கரணையைப் பிடித்துப் பழகினார். கொல்லையில் ஒரு பலகையை நிறுத்தி, குளிர்காலம் முழுவதும் அதில் சாந்து பூசிப் பூசி வழித்தார். அடிப்பூச்சு வந்தது. கடைசிப் பூச்சு வரவில்லை. கரணை கடைசி அரையங்குலத்தில் ஒரு கோடு போட்டுவிடும். ஜனவரியில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பரிவோடு தேநீர் அறை வேலையைக் கொடுத்தார். பாதிச் சுவர் பூசியதும் கிஹாச்சியே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, பனி கெட்டியாகக் கிடந்தது. கிஹாச்சி தொஷிமிச்சியின் பயிற்சிக்கூடத்துக்கு நடந்தார். திருவிழாவுக்குப் பிறகு அங்கே பாடம் நடக்கவில்லை. தொஷிமிச்சி தனியாகப் பலகைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாள் சுவரில் அதன் இடத்தில் இருந்தது. போலீஸ் விசாரணை முடிந்து திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

கிஹாச்சி உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதக் கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கி நாந்தான்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தொஷிமிச்சி துணியை வாளியில் போட்டார்.

"தெரியும்."

"எப்போ?"

"நீ ஓடி வரும்போதே. இடது கால இழுத்துத்தான நடப்ப நீ? புல்லுல கேட்டுச்சு. குடைச் சத்தம் வந்ததும் கை போயிடுச்சு, அது நெசம். அந்த வாத்தியாருங்க சொன்னது அதுவரைக்கும் நெசம். ஆனா திரும்புறப்போ பாதியில உன் மூஞ்சியப் பாத்தேன் கிஹாச்சி. நல்லாப் பாத்தேன். நேரம் இருந்துச்சு."

"என்ன நேரம்?"

"நிறுத்துறதுக்கு. உன் வயித்துமேல வெள்ளரிக்காய வச்சு எத்தன தடவ நிறுத்தியிருக்கேன்? மயிரிழையில நிறுத்துவேன். அதே கைதான். அன்னிக்கும் நிறுத்தியிருப்பேன்."

"அப்புறம் ஏண்டா நிறுத்தல?"

வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து தொப்பென்று விழுந்தது. தொஷிமிச்சி தலை நிமிர்ந்து முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"வெட்டு நல்லா வந்துகிட்டிருந்துச்சு."

கிஹாச்சிக்கு முதலில் விளங்கவில்லை.

"நாப்பது வருஷத்துல அப்படி ஒண்ணு வந்ததில்ல" என்றார் தொஷிமிச்சி. "இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒண்ணா, கனமே இல்லாம. அத உடைக்க மனசு வரல. உம்மேல எனக்கு என்ன கோவம்? ஒண்ணும் இல்ல. உன்னப் பாத்தேன், வெட்டையும் பாத்தேன். வெட்டுதான் வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

கிஹாச்சியின் இடக்கை தானாக எழுந்தது. ஓங்கி அறைந்தார். தொஷிமிச்சி அசையவில்லை. நினைத்திருந்தால் பத்து விதமாக விலகியிருக்கலாம். இன்னொரு அறை விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோதுதான் கிஹாச்சிக்கு வேறொன்று நினைவில் வந்து நின்றது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மடாலயச் சுவருக்குக் கடைசிப் பூச்சு. சாந்து இறுகத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வா என்று தங்கை போன் செய்தாள். வருகிறேன் என்று சொல்லி வைத்தார். ஆனால் சுவர் அன்றைக்கு அப்படி வந்துகொண்டிருந்தது. கரணையின் கீழே பட்டுப்போல் ஓடியது. இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரு இழுப்பு என்று முழுச் சுவரையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். இரண்டு மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டார்கள் என்று தங்கையிடம் சொன்னார். ஃபுசாயேயிடமும் அதையேதான் சொன்னார். அந்தச் சுவரைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ஓங்கிய கை இறங்கியது. இவன் சொல்வது பைத்தியக்காரன் பேச்சு என்று நினைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. புரிந்ததனாலேயே மன்னிக்க வழியில்லாமல் போயிற்று.

"போலீஸ்ல சொல்லிடறேன்" என்றார் தொஷிமிச்சி. "பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டும் சொல்லிடறேன்."

"என்னத்தையோ பண்ணு. இனிமே என் வாசப்படி மட்டும் மிதிக்காத."

தொஷிமிச்சி சொன்னபடி செய்தார். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரி அவருக்குத் தேநீர் கொடுத்து, "ஆசானே, குத்த உணர்ச்சி இப்படியெல்லாம் நினைக்க வைக்கும். நல்லாத் தூங்குங்க" என்று வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார். பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். விபத்தின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனிதர், பழைய கால வீரம் இன்னும் சாகவில்லை என்றெல்லாம் எழுதினார்கள். அவர் மறுக்க மறுக்கப் புகழ் கூடியது. புதிதாகச் சீடர்கள் சேர வந்து கதவைத் தட்டினார்கள். அவர் திறக்கவில்லை. பதிவுச் சீட்டோடு வாளைக் கொண்டுபோய், அழித்துவிடும்படி போலீசில் ஒப்படைத்தார். அதற்கும் ஒரு கட்டுரை வந்தது. பிறகு ஆற்று மணல் சலிக்கும் ஒரு இடத்தில் வேலைக்குப் போனார் என்று கேள்வி.

கிஹாச்சிக்கும் வேலை கிடைத்தது. தன்னிடம் ஒருகாலத்தில் போட்டியில் தோற்ற மேஸ்திரியிடம் அடிப்பூச்சு பூசும் ஆளாகச் சேர்ந்தார். அடிப்பூச்சின் மேல் வேறு யாராவது பூசி மூடிவிடுவார்கள். கோடு விழுந்தாலும் தெரியாது.

இலையுதிர் காலம் மீண்டும் வந்தது. ஒருநாள் காலை சாப்பாட்டின்போது ஃபுசாயே ஒரு தபால் உறையை மேசை மேல் வைத்தாள்.

"தொஷிமிச்சி அண்ணன்கிட்டருந்து. இது ஏழாவதுங்க. ஒண்ணையாவது பிரிச்சீங்களா?"

கிஹாச்சி சோற்றுக் கிண்ணத்தை எடுத்தார்.

"முந்தாநாள் கடைத்தெருவுல பாத்தேன்" என்றாள். "எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. என்னப் பாத்ததும் நடுரோட்டுல குனிஞ்சு நிக்கிறாரு. நானும்தான் வயிறெரிஞ்சு சாபம் விட்டேன். ஆனா ஒரு வருஷம் ஆச்சு. நமக்குன்னு இருக்கற பழைய சிநேகம் அவரு ஒருத்தர்தான். தெரியாம நடந்ததுக்கு எத்தன நாளைக்குங்க இந்த வைராக்கியம்?"

அவள் பொய்யாகப் பேசவில்லை. நிஜமாகவே மனம் இறங்கியிருந்தது. அதைக் கலைக்க அவருக்கு வாய் வரவில்லை. சொன்னாலும், தெரிந்தே வெட்டுவாரா யாராவது என்று கேட்பாள். வெட்டுவார்கள் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள்.

"தெரியாம நடந்ததுதான்" என்றார் கிஹாச்சி.

"அப்போ ஒரு பதிலாவது போடுங்களேன்."

"பாக்கலாம்."

மடங்காத நடுவிரல் கிண்ணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இடக்கையால் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்து, முள்ளங்கித் துண்டு ஒன்றை எடுக்கப் பார்த்தார். வழுக்கியது. ஃபுசாயே எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மறுபடி முயன்றார்.