அரக்கு வைத்த பாய்லர்

சகல ஜனங்களும் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேசம் விடுதலை பெற்ற நான்காம் வருஷம், ஐப்பசி மாதம், சுபமுகூர்த்தத்தில், சங்கரன்கோவில் ரத வீதியின் முதல் செம்புப் பாய்லர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஆறுமுகச்சாமியின் வீட்டில் நிறுவப்பட்டது. தேங்காய் உடைத்தார்கள். சந்தனம் பூசினார்கள். பராமரிப்புக்கென்று அவரே பன்னிரண்டு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏழாவது விதி, வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது.

ஒருவரும் தொடவில்லை. உள்ளே படிந்த உப்பைச் சுரண்டவில்லை. அடியில் சேர்ந்த சாம்பலை அள்ளவில்லை. அவரோ வெளிப்புறத்தை மட்டும் தினம் புளி போட்டுத் துலக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் கார்த்திகையில் பாய்லர் அடியில் ஒழுகியது.

ஒழுகிய நாள்தான் மோசம். மறுநாள் காலை வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரசுப்பு தன் மகனுக்குப் பெண் கேட்டு வருகிறார். மூட்டுவலிக்காரர். 'எங்கள் இல்லத்தில் பாய்லர் உண்டு, எந்நேரமும் வெந்நீர்' என்று ஆறுமுகச்சாமி கடிதமே போட்டிருந்தார். மகள் கோமதித்தாய்க்கு இருபத்துநாலு. வந்து பார்த்துப்போன இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. இதுவும் தவறினால் இனி ஒருத்தனும் படியேற மாட்டான்.

ஈயம் பூசும் பாதுஷா குனிந்து பார்த்தார்.

"கழத்தி ஓட்டையைப் பத்தவைக்கணும் அண்ணாச்சி. ரெண்டு நாளாவும்."

"நாளைக்குக் காலையில சம்மந்தி வாராரு வே."

"அப்ப அவரை நாளன்னைக்கு வரச் சொல்லுங்க."

முப்பது வருஷம் அரசாங்க உறைகளுக்கு முத்திரை வைத்த கை சும்மா இருக்குமா? பெட்டியில் கிடந்த அரக்கை உருக்கி ஓட்டையில் அப்பினார் ஆறுமுகச்சாமி.

"தண்ணிக்கு முத்திரை எழுத்தெல்லாம் வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பாதுஷா போய்விட்டார்.

காலையில் சங்கரசுப்பு உடம்பெல்லாம் எண்ணெயோடு குளியலறைக்குள் போனார். சுவருக்கு இந்தப்புறம் பாய்லரில் கரி கனன்றது. அரக்கு இளகியது. தண்ணீர் கொட்டி நெருப்பு புஸ்ஸென்று அணைந்தது.

"தண்ணி வருமா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தா வருது மச்சான்." ஆறுமுகச்சாமி குரல் கொடுத்தார். ஓட்டையில் மேல்துண்டைச் சுருட்டி அழுத்தியபடி மனைவியிடம் கெஞ்சினார். "ஏட்டி சுந்தரம், எப்படியாவது மானத்தைக் காப்பாத்து."

"பாய்லருதான உங்களுக்கு மானம். அதையே கேளுங்க" என்றாள் சுந்தரம்மாள். ஆனாலும் விறகடுப்பில் அண்டாவை ஏற்றினாள். கோமதித்தாய் குடம் குடமாய்க் கொதிநீரைச் சுமந்து பாய்லரின் வாயில் ஊற்றினாள். பாதி குழாய் வழியே உள்ளே போனது. பாதி அப்பாவின் காலில் விழுந்தது. கத்த வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முக்கால் மணி நேரம் சுகமாகக் குளித்துவிட்டுச் சங்கரசுப்பு வெளியே வந்தார். நனைந்த சாம்பல், செத்த கரி, கை சிவந்து குடத்தோடு நின்ற கோமதித்தாய், எல்லாவற்றையும் பார்த்தார். ஆறுமுகச்சாமி தலையைத் தொங்கப் போட்டார்.

"எத்தனை குடம் தாயி?"

"பதினெட்டு மாமா."

சங்கரசுப்பு யோசித்தார். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு வே. நாள் பாரும்."

ஆறுமுகச்சாமி ஈரத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையில் கல்யாணம் நடந்தது. சங்கரசுப்பு வீட்டில் பாய்லர் கிடையாது; மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் வெந்நீரில்தான் குளிக்கிறார்கள்.