ரப்பர் நாடா வைத்த கவுன்

ஹாஜராவுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை அவளுக்குக் கைலி கட்டிவிட வேண்டும். அது தம்பி பெண்டாட்டி மஹ்பூபாவின் வேலை.

கடல் கடந்து வந்து குடியேறிய துறைமுக ஊரில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. மஹ்பூபாவின் புருஷன் நாகூர் மீரான் துறைமுக வாசலில் காவடியில் சோறும் கறியும் சுமந்து நாசி கண்டார் விற்றான். சுபுஹுத் தொழுகைக்கு முன்னாலேயே அவள் அம்மியில் உட்கார்ந்தாக வேண்டும். மசாலா அரைத்து, மீன் கழுவி, கறி ஆக்கி, அவன் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கும்போது அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். அதற்குப் பிறகுதான் மதினி ஹாஜராவைக் கவனிக்கும் வேலை. குளிப்பாட்டணும், துணி மாற்றணும், கைலியை இறுக்கிச் சொருகணும். சொருகிய கைலி பத்தடி நடப்பதற்குள் நெகிழும். ஒரு கையை வைத்துக்கொண்டு ஹாஜராவால் அதைத் திரும்பச் சொருக முடியாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உறவுப் பெண்கள் ஐந்து பேர் பார்க்க வந்திருந்தார்கள். ஹாஜரா மரியாதைக்கு எழுந்து நின்றாள். கைலி அப்படியே காலடியில் விழுந்தது. வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மஹ்பூபா தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைக்க இடமில்லை.

"ஒரு கை நல்லாத்தானே இருக்கு மதினி? அதாலயாவது புடிச்சுக்கக் கூடாதா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. ஹாஜரா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு ரோஹானா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகளின் நிக்கர் இடுப்பில் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. மஹ்பூபா கையால் இழுத்துப் பார்த்தாள். விரிந்தது, விட்டதும் சுருங்கியது.

"உள்ளே ரப்பர் நாடா, அக்கா. பாசார்ல சீனன் கடையில முழம் போட்டுக் குடுக்குறான்" என்றாள் ரோஹானா.

"பெரியவங்களுக்கு இதை வச்சுத் தைக்கலாமா?"

"ஏன் கூடாது? கைலியா தைச்சா நடக்குறப்ப சுத்திக்கும். கவுனாத் தைங்க லா. மேலும் கீழும் ஒண்ணா இருக்கும், விழவே விழாது. நம்ம வீட்டு மிஷின் சும்மாதான் கெடக்கு."

பெருநாளுக்கென்று நாகூர் மீரான் வாங்கித் தந்த துணி மஹ்பூபாவின் பெட்டியில் வெட்டாமல் இருந்தது. சாம்பல் நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு எடுத்து விரித்தாள்.

நான்கு மதியம் பிடித்தது. முதலில் இடுப்பில்லாமல் நேராகத் தைத்தாள். பாதம் வரை நீளம் வைத்ததில், இழுத்து நடக்கிற காலுக்கடியில் துணி மாட்டும் போலிருந்தது. துணியைத் தூக்கிப் பிடிக்க இடுப்புக்கு நேரே உட்புறமாக ஒரு பட்டை வைத்துத் தைத்து, நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி அந்தப் பட்டைக்குள் நுழைத்தாள். ஊக்கு பாதி வழியில் திறந்துகொண்டது. வெளியே இழுத்து மறுபடி நுழைத்தாள். மிஷின் மேலேயே ஒருமுறை தூங்கிப் போனாள். ரோஹானா எழுப்பவில்லை. தூக்கிய துணி இறங்கிக் காலில் மாட்டி அவள் எந்தக் காலத்திலும் விழக்கூடாது என்று நாடாவை இறுக்கமாகப் பிடித்து முடித்தாள்.

கவுனைப் பார்த்ததும் ஹாஜராவின் கோணிய வாய் இன்னும் கோணியது.

"வெள்ளைக்காரியும் சட்டைக்காரியும் உடுத்துறது. எனக்கு வேணாம்."

"கை நீளம், கால் நீளம் எல்லாம் மூடித்தான் தைச்சிருக்கேன் மதினி."

"வேணாம்னா வேணாம்."

மஹ்பூபா வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தெம்பில்லை. தலைமாட்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். மறுநாள் காலையில் குளிப்பாட்டி முடித்தபோது ஹாஜரா கைலியைத் தள்ளிவிட்டுக் கவுனைக் கண்ணால் காட்டினாள். தலை வழியாக இறக்கித் தோளைத் தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் அன்று முழுக்க அவள் அறைக்கும் கிணற்றடிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதுவும் விழவில்லை.

சாயங்காலம் கவுனைக் கழற்றியபோதுதான் மஹ்பூபா பார்த்தாள். இடுப்பின் வலது பக்கம் நாடா பதிந்து, கயிறு கட்டியது போல ஆழமாகக் கன்றியிருந்தது. ஓரிடத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

"யா அல்லா! வலிக்கலையா மதினி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாதே புள்ள" என்றாள் ஹாஜரா. குனிந்து தன் இடுப்பை யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

மஹ்பூபா தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். தடவும்போதே அழுகை வந்துவிட்டது. காயத்துக்காக மட்டும் அழவில்லை. அன்று ஐந்து பேர் முன்னால் சொன்னதற்கும் சேர்த்து அழுதாள்.

"கோவத்துல இறுக்கித் தைக்கல மதினி. விழக் கூடாதுன்னுதான்."

"தெரியும்." இடது கை அவள் தலைமேல் வந்து கனமாக உட்கார்ந்தது. "கோவம் வந்தாலும் தப்பில்ல. எனக்கே என் மேல வருது."

காயம் ஆற எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் மஹ்பூபா பட்டையைப் பிரித்து, நாடாவை ஒரு சாண் கூட்டி, உள்பக்கம் பழைய மல்துணி வைத்துத் தைத்தாள். சுருக்கம் குறைந்து இடுப்பு தாராளமாக விரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை கவுனைக் கையில் எடுத்தபோது ஹாஜரா அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ வெளியே போ."

மஹ்பூபா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு வாங்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி மூச்சு. விழுந்துவிடுவாளோ என்று இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். அப்புறம் சுவரில் தலை சாய்ந்தது.

தோளைத் தொட்டதும் விழித்தாள். ஹாஜரா கவுனோடு நின்றாள். முன்பக்கம் பின்பக்கமாக இருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"மதியமாச்சு. சோறு ஆக்கல?" என்றாள்.

"இதோ ஆக்குறேன்."

"மெதுவா ஆக்கு." சுவரைப் பிடித்து நகர்ந்தவள் நின்று திரும்பினாள். "இன்னொண்ணு தைக்கணும் புள்ள. இதைத் துவைச்சா மாத்திக்க வேணாமா?"

இன்னும் நான்கு மதியம் தைக்கணும். மஹ்பூபா எழுந்திருக்கவில்லை. காலை நீட்டி அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஹாஜரா தானாகவே கிணற்றடிக்கு நடந்தாள்.