வீட்டோடு வந்த மாப்பிள்ளை

சுகாதாரத் துறை ஒட்டிய சுவரொட்டியில் ஆப்பிளும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கால்வாய்த் தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. அதே நாளில் ஒட்டப்பட்ட அதே மனிதர் மேட்டுத் தெருவில் நன்றாகத்தான் இருந்தார்; கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது.

கால்வாய்த் தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே குடிவந்த எவரையும் அது விட்டுவைத்ததில்லை. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கி எழுந்துதான் தெருவுக்கு வந்தது. அதில் எங்கெங்கே ஓட்டை என்பது எலிகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. குழாயை மாற்றித்தரச் சொல்லி ஜனங்கள் பல வருடம் நடையாய் நடந்ததற்குப் பலனாகக் கிடைத்ததே அந்தச் சுவரொட்டிதான். ‘உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒட்டுவதற்கு வாகாக இருந்தது தையல்காரி வீட்டுச் சுவர். சுவருக்கு உள்பக்கம் அவளுடைய ஒரே மகன் காமாலையில் சுருண்டு கிடந்தான். போன மழைக்காலத்தில் இதே நோய்க்கு நாத்தனாரைப் பறிகொடுத்த வீடு. தையல்காரி ஒவ்வொரு முறை ஊசியில் நூல் கோப்பதற்கு முன்னும் மகனின் கண்ணிமையை ஒரு தடவை விலக்கிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வேலைவெட்டி இல்லாமல் சலவைச் சட்டையோடு நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவருக்கு அவள் வைத்த பெயர் ‘வீட்டோட மாப்பிள்ளை’. வந்த வேகத்தில் மாப்பிள்ளை கையிலிருந்த ஆப்பிளைத் தின்றுவிட்டார். பிறகு விதையையும் காணோம். வாசகத்துக்குக் கீழே வெறும் கை நீண்டிருந்ததால், போகிறவர்கள் பிச்சை கேட்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் கண் மஞ்சளாகி, சட்டை தொளதொளத்து, சிரிப்பு மட்டும் அச்சடித்தபடியே மிச்சமிருந்தது.

துறையின் இயக்குநர் மையைச் சந்தேகப்பட்டார். அச்சகத்துக்காரர் மேட்டுத் தெருவைக் கை காட்டினார். கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள். புது மாப்பிள்ளை பழையவரைவிடச் சீக்கிரமாக மஞ்சளாகி, நிற்க முடியாமல் காகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் டாக்டர் வந்தார். அந்தத் தெருவில் டாக்டரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை என்பதால் கூட்டம் கூடிவிட்டது. அவர் சுவரில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார், காலையில் காலாற நடக்கச் சொன்னார், மன உளைச்சல் கூடாது என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

“அப்படியே உள்ள வந்து என் பையனையும் ஒரு எட்டு பாத்துடுங்க டாக்டர்,” என்றாள் தையல்காரி.

“போஸ்டரைப் பாக்கத்தாம்மா எனக்கு உத்தரவு.”

“அவருக்கு வந்ததுதான் இவனுக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணி.”

டாக்டர் உள்ளே போகவில்லை. தண்ணீர் என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு போய் இயக்குநரிடம் சொன்னார். ஜனங்கள் சொன்னவரைக்கும் புகாராக இருந்தது, டாக்டர் வாயால் வந்ததும் ஆய்வு முடிவாகிவிட்டது. இயக்குநர் கொதித்துப்போனார். அது துறையின் முகம், முகத்துக்கே சாக்கடைத் தண்ணீரா என்று மேஜையைத் தட்டினார். அத்தனை வருடம் கிடைக்காத குழாய் அந்த வாரமே கிடைத்தது. மேட்டுத் தெருத் தொட்டியில் கிளம்பி, சாக்கடைப் பக்கமே தலைவைக்காமல் சுற்றிவந்து, மாப்பிள்ளையின் வாய்க்கு நேரே நின்றது. ‘சுவரொட்டியின் உபயோகத்துக்கு மட்டும்’ என்று பலகை மாட்டி, பக்கத்துத் தெரு ஆள் ஒருவரைக் காவலுக்கும் போட்டார்கள்.

முதல் ஆளாகக் குடத்தோடு வந்தவள் தையல்காரி.

“போர்டைப் படிச்சியாம்மா?” என்றார் காவலாளி.

“படிச்சேன். நான் அவருக்கு மாமியார். மாப்பிள்ளை குடிச்ச மிச்சம் மாமியாருக்கு இல்லாம வேற யாருக்கு?”

“உனக்கு ஒரே பையன்தானே. பொண்ணே இல்லியே?”

“அது எங்க குடும்ப விஷயம்.”

காவலாளி மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் தெருவே அவருக்குச் சொந்தமாகியிருந்தது: பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட கொழுந்தியாள் என்று ஆளுக்கொரு குடத்தோடு முறை சொல்லி நின்றார்கள். தன் வீட்டிலும் தண்ணீர் மோசம் என்பது நினைவுக்கு வந்ததும், காவலாளியும் தான் சகலை ஆகவேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார்.

மாப்பிள்ளையின் கண் தெளிவதற்கு முன்பே பையனின் கண் தெளிந்தது. கால்வாய்த் தெருவில் சுவரொட்டியால் நோய் ஒழிந்தது என்று இயக்குநர் மேடையில் பேசினார். அதில் பொய் எதுவும் இல்லை. மாலையைக் கழுத்தில் போட்டபடியே தெருவைப் பார்வையிட வந்தவர் தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை வேண்டும் என்று கேட்டார்கள். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் இப்போதும் தையல்காரியிடம் வந்து, மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாத தம்பி யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

நல்ல தண்ணீர் உடம்பில் ஒட்டியதில் மாப்பிள்ளைக்கு வயிறு வைத்துவிட்டது. சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி ஆனதும் தையல்காரி கத்தரியோடு முக்காலியில் ஏறினாள். மகன் கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டான். விலாப்பக்கத் தையலைப் பிரித்துத் துணியை விட்டுக்கொடுக்க அவருடைய கை இடைஞ்சலாக இருந்தது.

“கையைக் கொஞ்சம் தூக்குங்க மாப்பிள்ளை,” என்றாள்.

தூக்கினார்.