உடனே என்ற ஒரு சொல்

அவர் ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் மெக்கானிக். ஒரே கூரையின் கீழ் நூற்றிருபது மிஷின்கள் ஓடும். அந்த இரைச்சலில் ஏதாவது ஒன்று தையல் விட்டால், தைக்கிற பெண் கையைத் தூக்குவதற்கு முன்பே இவர் திருப்புளியோடு எழுந்துவிடுவார். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதே காதை நம்பித்தான் சபையில் கீபோர்டையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

சபை என்றால் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. ஓர் அச்சகத்துக்கு மேலே முதல் மாடியில் வாடகை ஹால், நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஸ்பீக்கர்கள். மாடிப்படி ஏறும்போதே மை வாசனை வரும். நான்கு வருடத்துக்கு முன்பு, மதிய இடைவேளை ஒன்றில், சட்டைக் கழுத்து வெட்டும் பேட்டர்ன் காகிதத்தின் பின்பக்கத்தில் அவர் ஒரு பாட்டு எழுதினார். ‘கதவு திறக்கும், மனமே, காத்திரு’ என்று பல்லவி. மூன்று சரணங்கள். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை சொல்லும் பாட்டு. சபைக்கு அது பிடித்துப்போயிற்று. நோயாளியைப் பார்க்கப் போனாலும் சரி, வேலை கிடைத்தவர் எழுந்து நன்றிச் சாட்சி சொன்னாலும் சரி, “மெக்கானிக் பாட்டைப் பாடலாமே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் அவருக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பாட்டை முதலில் பாடியவள் அவருடைய அக்கா. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். பாடகர் குழுவில் இரண்டாம் குரல். அவளுடைய கணவர், அதாவது மெக்கானிக்கின் அத்தான், கிரேன் ஓட்டியவர். நுரையீரல் கெட்டிப்பட்டுப்போகும் நோய் வந்து, எட்டு மாதம் வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷினோடு கிடந்து இறந்துபோனார். அந்த எட்டு மாதமும் வாரம் தவறாமல் சபையார் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று மெக்கானிக் பாட்டைப் பாடினார்கள். அத்தான் முகமூடிக்குள்ளிருந்து தலையாட்டுவார்.

அடக்கம் முடிந்து ஆறு வாரம் கழித்து, பாடகர் குழுவுக்குத் திரும்பி வரச் சொல்லி அக்காவைக் கேட்க மெக்கானிக் போனார். கூடத்தில் ஆக்ஸிஜன் மிஷின் இருந்த இடம் தரையில் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அக்கா டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“வர்றேன்டா. ஆனா அந்தப் பாட்டை மட்டும் பாட மாட்டேன்.”

துக்கம் ஆறவில்லை என்று நினைத்து, பிறகு பாடிக்கொள்ளலாம் என்றார்.

“பிறகும் பாட மாட்டேன். மூணாவது சரணத்துல என்ன எழுதியிருக்கே? ‘கூப்பிட்டேன், உடனே வந்தார், அழுதேன், அள்ளி அணைத்தார்.’ எட்டு மாசம் நான் கூப்பிட்டேன். ஆண்டவர் வரலைன்னு சொல்லல. வந்தார்னுதான் நினைக்கிறேன். ஆனா உடனே வரல. அந்த வார்த்தை பொய்டா.”

அவருக்குச் சுருக்கென்றது. “அந்த இடத்துல தாளத்துக்கு மூணு எழுத்து வேணும்க்கா” என்றார்.

“மூணு எழுத்துக்காகப் பொய் சொல்வியா?”

பாட்டைக் குறை சொன்னால் அவருக்குப் பிள்ளையைச் சொன்ன மாதிரி. சொல்லக் கூடாததை அப்போது சொல்லிவிட்டார். அத்தான் போனதிலிருந்து அவள் விசுவாசத்தில் தளர்ந்துபோய்விட்டாள், அதனால்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்றார். அக்கா அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாகப் படி இறங்கிவிடுவாள். மெக்கானிக்கின் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அளந்து பேசுகிறவள். பாட்டு எழுதுகிறவர்களுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்போல என்று ஒருநாள் சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் ஏழு சபைகள் சேர்ந்து ஒரு கூட்டு ஆராதனை நடத்தத் தீர்மானித்தார்கள். அந்த வருடம் பல தொழிற்சாலைகள் மூடி, ஏகப்பட்ட குடும்பங்கள் கஷ்டத்தில் இருந்தன. நம்பிக்கையைப் பற்றித்தான் கூட்டம், மெக்கானிக் பாட்டுதான் மையப் பாட்டு என்று முடிவாயிற்று. பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழு சபையும் ஒத்திகைக்கு வந்தது.

பல்லவி நன்றாக எழுந்தது. முதல் இரண்டு சரணமும் அப்படித்தான். மூன்றாவது சரணத்தில் ‘கூப்பிட்டேன்’ முடிந்து அடுத்த சொல் வந்ததும் குரல் மெலிந்தது. ‘வந்தார்’ என்பதில் மறுபடி கூடியது. இந்தச் சரிவு அவருக்குப் புதிதல்ல. மூச்சு வாங்குகிறார்கள் என்றுதான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அது மூச்சு வாங்கும் இடம் இல்லை என்று உறைத்தது. மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே எழுத்தில் நிறுத்த மாட்டார்கள். நூற்றிருபது மிஷினில் ஒன்று தையல் விட்டால் கண்டுபிடிக்கிறவருக்கு, தன் பாட்டில் தையல் விட்டது தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் ஞாயிறு, சபையின் வழக்கமான ஆராதனையில் கைகளை அவற்றின் பழக்கத்துக்கு விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தார். வேலை போய்ப் பதினான்கு மாதமான வெல்டர் அந்தச் சொல் வந்தபோது வாயை மூடினார். வீட்டைவிட்டுப் போன மகனை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கும் தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். ‘கூப்பிட்டேன்’ என்று பாடினாள், உதடுகள் சேர்ந்தன, பிறகு ‘வந்தார்’ என்றாள். அவர் கை ஒரு கட்டை தப்பி விழுந்தது.

வீட்டுக்கு வந்து, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“நீ ஏன் அந்த இடத்துல பாடல?”

“எப்பவுமே பாடினதில்லையே.”

“நாலு வருஷமாவா? ஏன் சொல்லல?”

“நல்ல பாட்டுங்க. ஒரு வார்த்தைக்காக உங்களை ஏன் நோகடிக்கணும்?”

அவள் கத்தியை வைக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். குழந்தைக்காக இருவரும் சேர்ந்து ஜெபித்த வருடங்கள் உண்டு. ஒருநாள் யாரும் சொல்லாமலேயே அந்த ஜெபத்தை நிறுத்தியதும் உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சலவைப் பிரிவு பின்கட்டில் இருந்தது. கதவைத் திறந்ததும் சோப்பும் வெந்நீரும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உலர்த்தும் மிஷின்களிலிருந்து போர்வைகள் சூடாக வந்து விழுந்தபடி இருந்தன. அக்கா அவரைப் பார்த்தாள். ஒரு போர்வையின் இரண்டு முனைகளை அவர் பக்கம் வீசினாள். பெரிய போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் பிடித்துக்கொண்டார். இழுத்து, உதறி, பாதியாக மடித்து, இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்தபோது சொன்னார்.

“அன்னிக்கு உன்னைச் சொன்னது தப்புக்கா.”

“சரி, இன்னொண்ணு பிடி” என்றாள்.

நாலைந்து போர்வை மடித்த பிறகு, ஒத்திகையில் கேட்டதையும் வீட்டில் கேட்டதையும் சொன்னார். தன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. வேறு என்ன சொல் போடலாம், நீயே சொல்லு என்று கேட்டார். அக்கா, தனக்கு அழுக்குத் துணிக் கணக்குதான் எழுதத் தெரியும், பாட்டெல்லாம் வராது என்றாள். பிறகு கையிலிருந்த போர்வையைப் பாதி மடிப்பிலேயே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லல. ரெண்டாவது மாசம் ஒருநாள் மத்தியானம் உன் அத்தானுக்குப் படுக்கவே முடியல. தலையணையில சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டு, பாடுன்னார். பாடினேன். ‘உடனே’ன்னு வந்ததும் மாஸ்க்குக்குள்ள சிரிச்சிட்டார். ‘உன் தம்பிக்கு எதுலயும் அவசரம், நாம மெதுவாப் போவோம்’னார். அதுல இருந்து அந்த இடம் வந்தா ரெண்டு பேரும் சும்மா இருந்துடுவோம். அவர் கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டுவார். அதுக்கப்புறம்தான் நான் ‘வந்தார்’னு பாடுவேன்.”

“சபையோட பாடும்போது?”

“சபையோட பாடும்போது சபை மாதிரி. நாங்க தனியா இருக்கும்போது எங்க மாதிரி.” போர்வையின் மிச்ச மடிப்பை முடித்தாள். “கடைசி வாரம் அவரால தட்ட முடியல. நான் தட்டினேன்.”

மிஷின் ஒன்று சுற்றி முடித்து மணி அடித்தது. அக்கா போய்க் கதவைத் திறந்து துணியை வாரிப் போட்டுவிட்டு வந்தாள்.

“அந்த இடத்தை அப்படியே காலியா விட்டுடவாக்கா?” என்றார்.

“எல்லாரும் கேலி பண்ணுவாங்கடா.”

“பண்ணட்டும்.”

கூட்டு ஆராதனைக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு, அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் இருக்கிறதாம். போர்வைகளுக்கு ஆராதனை நாளெல்லாம் தெரியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

பாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. களைத்துப்போய் வருகிறவர்களுக்கு உறுதியான வார்த்தை வேண்டும், ஓட்டை விழுந்த பாட்டையா கொடுப்பது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெக்கானிக் வாதாடாமல், அத்தானும் அக்காவும் பாடிய விதத்தை மட்டும் அக்காவின் அனுமதியோடு சொன்னார். பாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அந்த இடத்துல ஜனங்க என்ன செய்வாங்க?”

“ரெண்டு தட்டு நேரம் சும்மா இருப்பாங்க, பாஸ்டர். அவ்வளவுதான்.”

“உங்க பாட்டு. தப்பாப் போனா உங்க தலையிலதான் விடியும்” என்று சொல்லி விட்டுக்கொடுத்தார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் காலை வேளையில் நடந்தது. நானூறு பேருக்குமேல் இருந்தார்கள். புதிய விதத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தும், முதல் தடவை கந்தலாயிற்று. பாதிப் பேர் பழக்கத்தில் ‘உடனே’ என்று பாடினார்கள். மீதிப் பேர் நடுவில் விழுந்து முழித்தார்கள். இடைவெளியைக் கண்ட டிரம்ஸ்காரர் சும்மா இருக்க முடியாமல் தடதடவென்று உருட்டி நிரப்பினார். எங்கோ யாரோ சிரித்தார்கள். மெக்கானிக்கின் காது மடல் சூடாயிற்று. ஆனால் நிறுத்தவில்லை. டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, அதே சரணத்தை மறுபடி எடுத்தார்.

இரண்டாம் தடவை சிலர் மட்டுமே தவறினார்கள். மூன்றாம் தடவை ‘கூப்பிட்டேன்’ என்று முடிந்ததும் ஹால் நின்றது. மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. பின்னால் ஒருவர் இருமினார். இரண்டு தட்டு நேரம்தான். கீபோர்டின் முன் இருந்தவருக்கு அது நீண்டு கிடந்தது. எட்டு மாதம் என்பது எவ்வளவு நாள் என்று அப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் ‘வந்தார்’ என்ற சொல் நானூறு தொண்டையிலிருந்தும் வந்தது. அந்தச் சொல்லை அவ்வளவு பலத்தோடு அவர் கேட்டதில்லை. தபால்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பாடினார். வெல்டர் பாடவில்லை, ஆனால் தலை குனியாமல் நின்றார். மனைவி இருந்த பக்கம் திரும்பினால் கை தப்பிவிடும் என்று பயந்து, மெக்கானிக் திரும்பவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஏழு சபைகளில் ஒன்று, விசுவாசத்தைப் பலவீனப்படுத்திவிட்டார்கள் என்று கடிதம் எழுதியது. அவர்கள் இன்றைக்கும் பழையபடியே பாடுகிறார்கள். மெக்கானிக் அதற்குப் பதில் எழுதவில்லை. தபால்காரரின் மகனைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை. வெல்டருக்கு ஒரு கேட் செய்கிற பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. மெக்கானிக்கின் வீட்டில் மட்டும் பல வருடம் கழித்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மாலை பாடல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் புதிதாக ஒரு நன்றிப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். அக்கா வேலையிலிருந்து நேராகப் படியேறி வந்தாள். புடவைத் தலைப்பு ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. இரண்டாம் குரல் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தன் பாட்டுத் தாளை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அக்கா இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

“சுருதி ரொம்ப மேல இருக்குடா. இத்தனை நாள் பாடாத தொண்டை, கொஞ்சம் இறக்கு.”

அவர் ஒரு கட்டை இறக்கினார்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள் அக்கா.