பிச்சிருக்குப் பெண் பார்த்த தரகர்

கல்யாணத் தரகரின் தொழிலில் ஒரே ஒரு கரும்புள்ளி உண்டு. அது அவர் வீட்டிலேயே இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜோடி சேர்த்துவைத்தவர். சொந்த மகளோ அவர் கொண்டுவந்த வரனையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தாள். "தரகர் பொண்ணே இன்னும் வீட்லதானா?" என்று எவனாவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஆற்றாமையில்தான் மீன் வளர்க்க ஆரம்பித்தார். அதுவும் எல்லாரும் வளர்க்கிற மீனா? பிச்சிர் என்கிற ஆப்பிரிக்க மீன்! பாம்புக்கும் பல்லிக்கும் நடுவே பிறந்ததுபோல் நீண்ட உடம்பு, முதுகு நெடுகச் சின்னச் சின்னத் துடுப்புகள். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஜோடி என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினார், மண்புழு நறுக்கிப் போட்டார், முட்டையிட வசதியாகப் பச்சைக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார். வருஷம்தான் ஓடியது. ஜோடி ஆளுக்கொரு மூலையில் கிடந்தது.

ஒருநாள் தொட்டி கழுவ உதவிக்கு வந்த மகள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "அப்பா, பொம்பளை மீனுக்கு வாலை ஒட்டின அடித்துடுப்பு ஒல்லியா இருக்கும். இதுங்க ரெண்டுக்கும் அகப்பை மாதிரி அகலமா இருக்கு. ரெண்டுமே ஆம்பளைப்பா."

'ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்று மனைவி சமையலறையில் முணுமுணுத்தது அவர் காதில் விழாமல் இல்லை.

'இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?' என்று கேட்கத் தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மானம் போன அவசரத்தில் அவர் வேறொன்றைக் கேட்டார். "பொண்ணு எங்கே கிடைக்கும்?"

"என்கூட வேலை பாக்கிறவர்கிட்ட ஒண்ணு இருக்குப்பா," என்றாள் மகள், வாளியைப் பார்த்தபடி.

மறுவாரமே வந்தான் அந்தப் பையன், கண்ணாடிக்காரன், தெர்மாகோல் பெட்டியில் பெண் மீனோடு. தரகருக்கு ஒரே குஷி. "நாங்க மாப்பிள்ளை வீடு தம்பி. பொண்ணு வீட்டுக்காரங்க கொஞ்சம் பணிஞ்சுதான் போகணும்," என்று தண்ணீர் மாற்றுகிற வாளியை அவன் கையில் கொடுத்தார். அவன் மறுபேச்சில்லாமல் தூக்கினான். பெண் சௌக்கியமா என்று பார்க்க வாராவாரம் வந்தான். வாராவாரம் தூக்கினான்.

ரெண்டு ஆணில் ஒன்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, தரகர் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆண் பின்னாலேயே சுற்றுகிறதா, தலையால் முட்டுகிறதா, துடுப்பைக் குவிக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் சோபாவில் பேச்சுச் சத்தம் கேட்டால், "ஷ்! பேசாம இருங்க. அதுங்களுக்குக் கூச்சமா இருக்காது?" என்று திரும்பாமலே அதட்டுவார். உடனே சத்தம் அடங்கும். நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை கம்பளிக் கொத்தில் மணிமணியாக முட்டைகள். பெற்றதுகளே தின்றுவிடும் என்பதால் கொத்தை அப்படியே வேறு தொட்டிக்கு மாற்றினார். குஞ்சுகள் பொரித்து, கழுத்தின் இரு பக்கமும் இறகுபோல் செவுளை விரித்து நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உயிருள்ள பொடி இறால்குஞ்சு ஊட்டினார். பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்று அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்து, வீட்டிலிருந்த பேசின், டப்பா ஒன்று விடாமல் நிரப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரன் அம்மா அப்பாவையும் கூட்டிவந்தான். குஞ்சு பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தரகர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம்ங்க. நாங்க உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்."

தரகர் கையிலிருந்த மூடி நழுவியது. மனைவியைப் பார்த்தார். அவள் காலையிலேயே நல்ல துணி உடுத்தித் தயாராக இருந்தது இப்போதுதான் உறைத்தது. மகளைப் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா?"

"பழக்கம் முன்னாடியே இருக்குப்பா. முடிவு பண்ணது, நீங்க எங்களைப் பேசாம இருக்கச் சொன்னப்போதான்."

ஊரில் பாதிக் கல்யாணத்தை முடித்த கண், மாதக்கணக்கில் ரெண்டு மீனுக்கு நடுவே என்ன நடக்கிறதென்று பார்த்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தரகருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி, எத்தனையோ நாள் சுமையை இறக்கிவைத்த நிம்மதி. சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது.

தொட்டியோரம் வாளி நிறையப் பழைய தண்ணீர் இருந்தது. வழக்கம்போலக் கண்ணாடிக்காரன் அதைத் தூக்கக் குனிந்தான்.

"வைங்க மாப்பிள்ளை, வைங்க!" தரகர் பதறிப்போய் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார். "நாங்க இப்போ பொண்ணு வீடு."